முதல் வருஷத்தைத் தாண்ட வேண்டும்!

ஆண்டுதோறும் ஜூன், ஜூலை மாதங்களில் கல்லூரிகள் திறக்கின்றன. கோட்டக்குப்பத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரமாக, காலை வேளையில் பையும் கையுமாகப் பிள்ளைகள் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறார்கள். சிலர் தெற்கே புதுச்சேரிக் கல்லூரிகளுக்குப் போகிறவர்கள். சிலர் வடக்கே காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்கள். இன்னும் சிலர் புதுச்சேரி சென்று வேறு பஸ் மாறித் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் போகிறவர்கள். அவர்களில் மீனவர் வீட்டுப் பிள்ளை உண்டு; மூடிக்கிடக்கும் மில்லின் தொழிலாளி வீட்டுப் பிள்ளை உண்டு; வானூர் வட்டாரத்து வயல்களில் நாற்று நட்டுக் கூலி வாங்குகிறவரின் பிள்ளை உண்டு; சில்லறைக் கடை வைத்துப் பிழைக்கும் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை உண்டு. தங்கள் பரம்பரையிலேயே கல்லூரி வாசலை மிதிக்கிற முதல் ஆள் என்று சொல்லத்தக்கவர்கள் இவர்களிடையே பலர்.

பிள்ளையைச் சேர்த்தாகிவிட்டது, இனி அவன் பாடு, வாத்தியார் பாடு என்று வீட்டில் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறார்கள். அந்த நிம்மதி அவசரமானது என்று நாம் எச்சரிக்கிறோம். வாசலில் நுழைவது ஒரு போராட்டம் என்றால், முதல் வருஷத்தைத் தாண்டுவது அதைவிடக் கடினமான போராட்டம். சேர்க்கிற நாளில் தகப்பன் கூட வருகிறார், தாய் கூட வருகிறார், ஊரே வாழ்த்துகிறது. படிப்பை நடுவில் விட்டுத் திரும்புகிற நாளில் பிள்ளை தனியாகத்தான் வருகிறது.

ஏன் திரும்பி வருகிறது? "படிப்பு ஏறவில்லை" என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. பிள்ளையும் அதை நம்பித் தலைகுனிந்து ஒரு கடையிலோ கட்டட வேலையிலோ சேர்ந்துவிடுகிறது. இந்தத் தீர்ப்பை நாம் ஏற்கவில்லை. பன்னிரண்டு வருஷம் ஏறிய படிப்பு, பதின்மூன்றாவது வருஷத்தில் மட்டும் எப்படி ஏறாமல் போகும்? கோளாறு பிள்ளையின் தலையில் இல்லை. அது எங்கே இருக்கிறது என்று பார்ப்போம்.

யாரும் இனாமாகத் தந்ததல்ல

முதலில் ஒன்றை நினைவுபடுத்த வேண்டும். கல்லூரிக் கதவு நமக்குத் தானாகத் திறக்கவில்லை.

1936 ஜூலை 30ஆம் தேதி, பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியின் சவானா மில் தொழிலாளிகள் மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. 12 தொழிலாளிகள் உயிர் துறந்தார்கள். தோழர் வ. சுப்பையாவின் தலைமையில் நடந்த அந்தப் போராட்டத்தின் விளைவாக, 1937இல் 8 மணி நேர வேலையும் சங்கம் வைக்கும் உரிமையும் சட்டமாயின. விடியுமுன் மில்லுக்குள் போய் இருட்டிய பின் வெளியே வருகிறவன் தன் பிள்ளையின் முகத்தையே பார்க்க முடியாது. அவன் பிள்ளையின் படிப்பை எங்கே பார்ப்பது? எட்டு மணி நேர வேலை வந்த பிறகுதான் தொழிலாளி தகப்பனாக இருப்பதற்கு நேரம் கிடைத்தது. சவானா மில்லில் ரத்தம் சிந்திய இரண்டே வாரத்தில், 1936 ஆகஸ்ட் 12ஆம் தேதி, லட்சுமணபுரியில் அகில இந்திய மாணவர் பெருமன்றம் பிறந்தது. உழைக்கிறவனின் உரிமைக் குரலும் படிக்கிறவனின் உரிமைக் குரலும் இந்த நாட்டில் ஏறத்தாழ ஒரே சமயத்தில் எழுந்தவை.

கீழத் தஞ்சையில் சாட்டையடியும் சாணிப்பாலும் கண்ட பண்ணையாட்கள் செங்கொடியின் கீழ் திரண்டார்கள். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பண்ணையாளின் பிள்ளை மாடு மேய்க்கத்தான் வேண்டும் என்ற கட்டு தளர்ந்தது. 1956இல் பள்ளிகளில் மதிய உணவு வந்தது. புதுச்சேரியில் 1961இல் தாகூர் கலைக் கல்லூரியும், விழுப்புரத்தில் 1968இல் அரசுக் கலைக் கல்லூரியும், திண்டிவனத்தில் 1969இல் அரசுக் கலைக் கல்லூரியும் ஏற்பட்டன. பிற்பாடு வானூரிலும் ஓர் அரசுக் கல்லூரி வந்தது. மக்கள் கேட்டார்கள், போராடினார்கள், கொடுத்தே தீர வேண்டிய நிலை ஏற்பட்டது.

இதன் பலன் என்ன? 2021-22ஆம் ஆண்டின் உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, கல்லூரி வயதில் உள்ள 100 பேருக்குத் தமிழ்நாட்டில் 47 பேர் என்ற அளவில் உயர்கல்வியில் சேர்ந்திருந்தார்கள். அகில இந்திய அளவு 28.4 மட்டுமே. இது பெருமைப்படத்தக்க முன்னேற்றம். ஆனால் இந்தக் கணக்கு சேர்ந்தவர்களைச் சொல்கிறது. சேர்ந்தவர்களில் எத்தனை பேர் கூலிக்காரன் வீட்டுப் பிள்ளைகள், அவர்களில் எத்தனை பேர் பட்டத்தோடு வெளியே வந்தார்கள் என்று அது சொல்வதில்லை.

எல்லைக்கோட்டில் ஓர் ஊர்

கோட்டக்குப்பத்துக்குத் தனி இடைஞ்சல் ஒன்று உண்டு. ஊர் விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது, 2021இல் நகராட்சியாயிற்று. ஆனால் ஒரு தெருவைத் தாண்டினால் புதுச்சேரியின் முத்தியால்பேட்டை. வடக்கே சிறிது தூரம் போனால் காலாப்பட்டு. அது மறுபடியும் புதுச்சேரி. 1954 நவம்பர் முதல் தேதியோடு பிரெஞ்சு ஆட்சி போயிற்று. ஆனாலும் அன்று வெள்ளைக்காரர்கள் போட்ட கோடு இன்றும் சர்க்கார் காகிதங்களில் அழியாமல் இருக்கிறது.

இந்தக் கோடு பணக்காரனை ஒன்றும் செய்யாது. ஏழையைத்தான் குத்தும். புதுச்சேரி மில்லில் வேலை பார்த்த தொழிலாளி வாடகை குறைவு என்று கோட்டக்குப்பத்தில் குடியிருப்பார். பிள்ளையை அருகிலிருந்த புதுச்சேரிப் பள்ளியில் படிக்க வைப்பார். தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவர்களுக்கென்று ஏற்பட்ட சலுகை அந்தப் பிள்ளைக்குக் கிடைக்காது, பள்ளி அந்தப் பக்கம் என்பதால். புதுச்சேரிவாசிகளுக்கென்று ஏற்பட்ட இடஒதுக்கீடும் கிடைக்காது, வீடு இந்தப் பக்கம் என்பதால். வியர்வை சிந்திய இடமும் குடியிருந்த இடமும் இரண்டு சர்க்காருக்குள் அகப்பட்டதற்குப் பிள்ளை என்ன செய்யும்?

மில்களின் கதியோ யாவரும் அறிந்தது. ரோடியர் மில் என்று மக்கள் அழைத்த ஏ.எப்.டி. ஆலை 2020 ஏப்ரல் 30ஆம் தேதியோடு மூடப்பட்டது. சுதேசி, பாரதி மில்களும் அதே ஆண்டில் மூடப்பட்டன. மாதச் சம்பளமும் சேமநல நிதியும் இருந்த வீடுகள் தினக்கூலி வீடுகளாயின. அந்த வீட்டுப் பிள்ளைகள்தான் இன்று கல்லூரியில் அடியெடுத்து வைக்கிறார்கள்.

முதல் வருஷத்தில் நடப்பது என்ன?

தமிழில் பன்னிரண்டு வருஷம் படித்த பிள்ளை வகுப்பில் உட்காருகிறது. பேராசிரியர் இங்கிலீஷில் பேசுகிறார். கரும்பலகையில் இங்கிலீஷ். புத்தகம் இங்கிலீஷ். தமிழில் சொன்னால் நொடியில் விளங்கிவிடுகிற விஷயம், வேறு பாஷையில் மலையாக நிற்கிறது. கேள்வி கேட்கவும் கூச்சம். தப்பாகப் பேசினால் சிரிப்பார்களே என்ற பயம். இரண்டு மாதம் இப்படியே போனால் பிள்ளை தன்னையே மக்கு என்று முடிவு கட்டிக்கொள்கிறது.

1960இலேயே கோவை அரசினர் கலைக் கல்லூரியில் தமிழில் பட்டப்படிப்பு தொடங்கப்பட்டது. 1970இல் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் ஏற்பட்டு, விஞ்ஞானமும் பொருளாதாரமும் சரித்திரமும் தமிழில் கல்லூரிப் பாடநூல்களாக நூற்றுக்கணக்கில் வந்தன. 2010இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் சிவில், மெக்கானிக்கல் பொறியியல்கூடத் தமிழில் தொடங்கப்பட்டது. முடியாது என்று யாரும் சொல்ல இடமில்லை. தமிழில் படித்தவனுக்கு வேலை தரமாட்டேன் என்று முதலாளி சொல்கிற வரையில், தமிழ் வழி வகுப்பு இரண்டாந்தர வகுப்பாகவே நடத்தப்படும். ஆகவே பிள்ளைக்கு இரண்டும் வேண்டும்: பாடம் விளங்கத் தமிழ், உலகத்தோடு மல்லுக்கட்ட இங்கிலீஷ். இங்கிலீஷை ஒரு கருவியாகப் பிடித்துக்கொள்ளட்டும். அரிவாளுக்கும் சுத்தியலுக்கும் பயப்படாதவன் பிள்ளை இந்தக் கருவிக்கும் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அதைப் பிடிக்கக் கற்றுத்தருவது கல்லூரியின் பொறுப்பு.

அந்தப் பொறுப்பை யார் செய்வது? அரசுக் கல்லூரிகளில் ஆயிரக்கணக்கான இடங்களில் நிரந்தரப் பேராசிரியர்கள் நியமிக்கப்படாமல், கௌரவ விரிவுரையாளர்களைக் கொண்டே வகுப்புகள் ஓட்டப்பட்டு வந்திருக்கின்றன. இவர்களுக்கு மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் சொல்லியது. தமிழ்நாட்டில் இவர்கள் அதில் பாதியளவுக்கே போராடிக்கொண்டிருந்தார்கள். பெயரில் கௌரவம், சம்பளத்தில் கூலி! மில்லில் பதிலித் தொழிலாளிக்கு நேர்ந்த அதே கதிதான் கல்லூரியில் படித்தவருக்கும் நேர்ந்திருக்கிறது. நாளைக்கு வேலை இருக்குமோ என்று கலங்குகிறவர், கடைசி பெஞ்சில் கலங்கி உட்கார்ந்திருக்கும் பிள்ளையை எப்படிக் கவனிப்பார்? புதிய மாணவர்களை அரவணைக்க வேண்டும் என்று மானியக் குழு 2019இல் "தீக்ஷாரம்பம்" என்று ஒரு திட்டமும் போட்டது. பெயர் பெரிதாகத்தான் இருக்கிறது. தீட்சை கொடுக்க ஆள் எங்கே?

இத்தோடு பசியும் சேர்ந்துகொள்கிறது. ஆரம்பப் பள்ளியில் பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்று ஒப்புக்கொண்டு 1956இலும், விரிவாக 1982இலும் மதிய உணவு தந்தார்கள். 2022 முதல் காலைச் சிற்றுண்டியும் தந்தார்கள். மிக நல்ல காரியம். ஆனால் பதினெட்டு வயதானதும் பசி நின்றுவிடுமா? விடியற்காலையில் ஆக்கி முடியாத வீட்டிலிருந்து வெறும் வயிற்றோடு பஸ் ஏறி, நாற்பது கிலோமீட்டர் போய், பகலில் டீயும் பன்னும் தின்று, மாலையில் திரும்புகிற பெண்பிள்ளைகளை நாம் அறிவோம். விடுதிகளிலோ, ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கும் கல்லூரி மாணவருக்கு உணவுப்படி 2023இல்தான் மாதம் 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நாளொன்றுக்கு 50 ரூபாய். அதில் மூன்று வேளை. இந்தக் கணக்குப் போட்ட அதிகாரி ஒரு நாள் அந்த ஐம்பது ரூபாயில் சாப்பிட்டுப் பார்க்கட்டும் என்று நாம் சவால் விடுகிறோம்.

2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் விழுப்புரம் மாவட்டத்தை மூழ்கடித்தபோது, மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முதல் பருவப் பரீட்சைக்குப் படிக்க வேண்டிய காலம் அது. கூரை இல்லாத வீட்டில் புத்தகம் மட்டும் நனையாமல் இருக்குமா? மாடி வீட்டுப் பிள்ளைக்கும் குடிசை வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே கேள்வித்தாள் கொடுத்துவிட்டு, அதைச் சமத்துவம் என்கிறார்கள்.

"அரியர்" என்றால் என்ன?

கல்லூரிச் சட்டதிட்டங்கள் நம் வீடுகளுக்குப் புதியவை. அவை தெரியாததனாலேயே பல படிப்புகள் பாழாகின்றன. ஆகவே சிலவற்றை விளக்குவோம்.

ஒரு வருஷம் இரண்டு பருவமாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. இதைச் "செமஸ்டர்" என்பார்கள். ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் பரீட்சை. பொதுவாக 100 மார்க்கில் 25 மார்க் கல்லூரிக்குள்ளேயே போடப்படும். மீதி 75 பல்கலைக்கழகப் பரீட்சைக்கு. வருகை பொதுவாக 75 சதவீதம் இருக்க வேண்டும். அதாவது நூறு நாளில் இருபத்தைந்து நாளுக்கு மேல் போகாமலிருந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். அறுவடைக்கு ஆள் வேண்டும், திருவிழாவுக்கு இருக்க வேண்டும், தங்கைக்குப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று பிள்ளையை வீட்டில் நிறுத்துகிற பெற்றோர் இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு பாடத்தில் தேறாவிட்டால் அதற்கு "அரியர்" என்று பெயர். மில் தொழிலாளிக்கு அரியர் என்றால் முதலாளி தராமல் வைத்திருக்கும் சம்பளப் பாக்கி. கல்லூரியிலும் அர்த்தம் அதுதான்: பாக்கி. அடுத்த பரீட்சையில் மறுபடி எழுதித் தீர்த்துவிடலாம். நம் கலைக் கல்லூரிகளில் அதற்காகப் பிள்ளையை அதே வகுப்பில் உட்கார வைப்பதில்லை. இரண்டாம் வருஷத்துக்குப் போய்க்கொண்டே பாக்கியையும் எழுதலாம். இது தெரியாமல், முதல் பருவத்தில் இரண்டு பாடம் போயிற்று என்றதும், "பெயிலாகிவிட்டான், போதும் படிப்பு" என்று நிறுத்திவிடுகிறார்கள். முதலாளியிடம் போனஸ் பாக்கிக்காக வருஷக்கணக்கில் வழக்கு நடத்துகிற நாம், பிள்ளையின் பாடப் பாக்கிக்கு ஆறு மாதம் பொறுக்கக் கூடாதா?

ஓராண்டில் வெளியேறு என்கிற திட்டம்

பிள்ளை முதல் வருஷத்தில் தடுக்கி விழுகிறது என்றால் ஒரு நல்ல சர்க்கார் என்ன செய்யும்? கை கொடுத்துத் தூக்கும். டில்லி சர்க்காரின் 2020ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை என்ன செய்கிறது? வெளியே போகும் வழியைக் காட்டுகிறது. ஓராண்டு படித்து நின்றால் ஒரு சான்றிதழ், இரண்டாண்டில் நின்றால் டிப்ளமா, மூன்றாண்டில் பட்டம், நான்காண்டில் ஆராய்ச்சியோடு கூடிய உயர் பட்டம் என்று படிக்கட்டு கட்டியிருக்கிறார்கள்.

"இது சுதந்திரம், நின்றவர்கள் பிற்பாடு திரும்பி வரலாம், மார்க் எல்லாம் வங்கியில் போட்ட பணம்போல் இருக்கும்" என்று வாதாடுகிறார்கள். கேட்கத் தேன் போல் இருக்கிறது. ஆனால் யார் நிற்பார்கள், யார் திரும்புவார்கள்? வசதி படைத்தவன் பிள்ளை நான்காவது படிக்குப் போகும். கூலிக்காரன் பிள்ளை முதல் படியில் இறங்கும். இறங்கிய பையன் திருப்பூருக்கு வேலைக்குப் போவான்; இறங்கிய பெண்ணுக்குக் கல்யாணம் முடிந்துவிடும். கைக்குழந்தையோடு எந்தப் பெண் திரும்பி வந்து இரண்டாம் வருஷத்தில் உட்காருவாள்? படிப்பை நடுவில் விடுவது இதுவரை சமுதாயத்தின் குற்றமாக இருந்தது. இனி அதற்கு முத்திரை குத்திய காகிதம் கொடுத்து, அது பிள்ளையின் சொந்த விருப்பம் என்று கணக்கெழுதுவார்கள்.

1985ஆம் ஆண்டில் மத்தியச் சட்டப்படி ஏற்பட்ட புதுவைப் பல்கலைக்கழகம் கோட்டக்குப்பத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கு 2022 முதல், பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் "க்யூட்" என்னும் அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுதித்தான் சேர வேண்டும் என்றாக்கினார்கள். பன்னிரண்டாம் வகுப்பு மார்க் போதாதாம். இன்னொரு தேர்வு, அதற்கொரு கோச்சிங், அதற்கொரு கட்டணம்! 2020 பிப்ரவரியில் அங்குள்ள மாணவர்கள் கட்டண உயர்வை எதிர்த்துப் பல நாட்கள் போராடினார்கள். வெளியே நின்று பார்க்கிறவர்களுக்கு அது மாணவர் சச்சரவு. நமக்கோ அது சம்பளப் போராட்டத்தின் மறுபக்கம். கூலி உயர்வாக ஒரு கையில் வாங்கியதைக் கட்டண உயர்வாக மறு கையில் பறிகொடுக்கலாமா?

ராகிங்கும் சாதியும்

முதல் வருஷப் பிள்ளைக்கு இன்னொரு அபாயமும் உண்டு. மூத்த மாணவர்கள் என்ற பெயரில் சிலர் செய்யும் கொடுமை. 1996இல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் கொல்லப்பட்ட கொடூரத்தைத் தமிழ்நாடு மறக்கவில்லை. அதன் பிறகே 1997இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. குற்றம் செய்தவருக்கு இரண்டாண்டு வரை சிறையும் கல்லூரியிலிருந்து நீக்கமும் உண்டு. 2009இல் மானியக் குழுவின் கண்டிப்பான விதிகள் வந்தன. 1800-180-5522 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் இரவிலும் பகலிலும் புகார் செய்யலாம். இந்த எண்ணை ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் எழுதி வையுங்கள்.

சட்டம் பிடிக்காத கொடுமை ஒன்றும் இருக்கிறது. "உன் அப்பா என்ன வேலை? எந்தத் தெரு? எந்தக் கோட்டா?" என்ற கேள்விகள் அவை. உபகாரச் சம்பளத்துக்குக் கையெழுத்துக் கேட்டால் வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் பெயர் சொல்லி எழுப்புவது. "நீங்கள்தான் சும்மா வந்தவர்களாயிற்றே" என்ற ஏளனம். 2016 ஜனவரியில் ஐதராபாத் மத்திய பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலா என்ற ஆராய்ச்சி மாணவரின் மரணம் இந்தியா முழுவதும் மாணவர்களை வீதிக்குக் கொண்டுவந்தது. படிப்பில் உச்சிக்குப் போனாலும் சாதி துரத்தி வருகிறது என்பதை அந்த மரணம் சொல்லிற்று.

நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்ல வேண்டியது இதுதான்: அவமானப்பட வேண்டியவன் கேட்பவன், நீ அல்ல. உன் தகப்பன் நெய்த துணியைத்தான் அவன் உடுத்தியிருக்கிறான். உன் தாய் நட்ட நெல்லைத்தான் அவன் தின்றிருக்கிறான். மனம் தாங்காமல் தவிக்கிற பிள்ளை அதை வீட்டில் சொல்லட்டும், தோழனிடம் சொல்லட்டும், சங்கத்தில் சொல்லட்டும். பெற்றோரும் மார்க்கை மட்டும் கேட்காமல், "சாப்பிட்டாயா? யாராவது ஏதாவது சொன்னார்களா? நிம்மதியாக இருக்கிறாயா?" என்று கேளுங்கள். இதைக் கேட்கப் பட்டம் படித்திருக்க வேண்டியதில்லை.

பணம் வந்து சேர வேண்டும்

உதவித் திட்டங்கள் இல்லாமல் இல்லை. அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவருக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கப்பட்டன. ஆயிரம் ரூபாய் அற்பமல்ல. பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் அது உயிர்நாடி. எல்லை தாண்டிப் படிக்கும் பிள்ளைகள் தங்களுக்கு எந்தத் திட்டம் பொருந்தும், எது பொருந்தாது என்பதைச் சேருவதற்கு முன்பே எழுத்தில் கேட்டறிய வேண்டும்.

தாழ்த்தப்பட்ட மாணவர்களின் உபகாரச் சம்பளத்துக்கு ஐந்தாண்டுக்கு 59,048 கோடி ரூபாய் என்று 2020 டிசம்பரில் மத்திய மந்திரிசபை முடிவெடுத்தது. நூற்றுக்கு அறுபது பங்கு டில்லியும் நாற்பது பங்கு மாநிலமும் தர வேண்டும் என்று ஏற்பாடு. ஆனால் கட்டணம் கட்டும் தேதி ஜூலையில் வருகிறது. உபகாரச் சம்பளம் எப்போது வருகிறது? இடையில் நிற்பவன் கந்துவட்டிக்காரன். சிறுபான்மை மாணவர்களின் ஆராய்ச்சிக்கென்று இருந்த மௌலானா ஆசாத் உதவித்தொகையையோ 2022இல் அடியோடு நிறுத்திவிட்டார்கள். கோட்டக்குப்பம் போன்ற ஊர்களின் பிள்ளைகளுக்கு மேற்படிப்பின் கடைசிப் படியைத் தட்டிவிட்ட காரியம் அது.

கல்விக்குத் தேசிய வருமானத்தில் 6 சதவீதம் செலவிட வேண்டும் என்று 1966இல் கோத்தாரி கமிஷன் சொல்லியது. அதன் பிறகு எத்தனையோ மந்திரிசபைகள் வந்துபோயின. அந்த ஆறு சதவீதம் மட்டும் வரவில்லை.

தொழிற்சங்கத்தின் கடமை

சர்க்காரைக் கண்டித்துவிட்டால் மட்டும் நம் வேலை முடிந்துவிடாது. 1919இல், உள்நாட்டு யுத்தமும் பஞ்சமும் சூழ்ந்திருந்த சோவியத் ருஷ்யாவில், "ராப்ஃபாக்" என்ற தொழிலாளர் கல்வித்துறைகளைத் திறந்தார்கள். பட்டறையிலிருந்தும் வயலிலிருந்தும் வந்தவர்களைப் பல்கலைக்கழகப் படிப்புக்குத் தயார் செய்வதே அவற்றின் வேலை. கதவைத் திறந்தால் மட்டும் போதாது, நடக்கவும் கைகொடுக்க வேண்டும் என்று அவர்கள் அன்றே உணர்ந்திருந்தார்கள்.

நம் சக்திக்கு உட்பட்டதை நாமும் செய்யலாம். ஒவ்வொரு ஆலைச் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளையும் தன் உறுப்பினர் வீடுகளில் இந்த ஆண்டு கல்லூரியில் சேர்ந்த பிள்ளைகளின் பட்டியலை எடுக்கட்டும். இரண்டாம், மூன்றாம் வருஷத்தில் படிக்கும் பிள்ளையை முதல் வருஷப் பிள்ளையோடு இணைத்து வைக்கட்டும். பழைய புத்தகங்களைச் சேகரித்துக் கைமாற்றட்டும். வருமானச் சான்றுக்கும் சாதிச் சான்றுக்கும் தாலுகா ஆபீஸில் நாள்கணக்கில் நிற்கிற பெற்றோருக்குச் சங்கத் தோழர் துணை போகட்டும். ஒவ்வொரு நாள் அலைச்சலும் அவர்களுக்கு ஒரு நாள் கூலி நஷ்டம். இரவில் விளக்கும் மேஜையும் உள்ள இடம் தேவை. சங்கக் கட்டடத்தை மாலையில் படிப்பகமாக்குங்கள். கோட்டக்குப்பத்தில் மக்களே நடத்திவரும் அஞ்சுமன் நூலகத்தைப் போல ஊருக்கு ஒன்று இருந்தால் எத்தனை பிள்ளைகள் பிழைக்கும்!

மகள்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "முதல் வருஷம் படித்தது போதும், நல்ல வரன் வந்திருக்கிறது" என்று நிறுத்துகிற வீடுகள் நம்மிடையே இருக்கின்றன. மேடையில் பெண் விடுதலை பேசிவிட்டு வீட்டில் இதைச் செய்வது செங்கொடிக்கு அழகல்ல. பட்டம் முடிக்காத பெண்ணை அனுப்புவது, கை கட்டி ஆற்றில் இறக்குவது போலாகும். மூன்று வருஷம் முடியட்டும், வரன் காத்திருக்கட்டும்.

மாணவத் தம்பி தங்கையருக்கும் ஒரு வார்த்தை. தகப்பனின் அழுக்கு வேட்டியைப் பார்த்து, கல்லூரி வாசலுக்கு வராதே என்று சொல்லாதீர்கள். மாணவர் சங்கத்தில் சேருங்கள். தனியாக நின்று அழுதால் கஷ்டம் கஷ்டமாகவே இருக்கும்; கூடி நின்று கேட்டால் அது கோரிக்கையாகும். உங்கள் பாட்டன்மார் இதைச் சவானா மில்லில் கற்றார்கள்.

நாம் கோருவது

ஒன்று: அரசுக் கல்லூரிகளில் காலியிடங்கள் அனைத்தையும் நிரந்தர நியமனத்தால் நிரப்ப வேண்டும், கௌரவ விரிவுரையாளர்களுக்கு மானியக் குழு சொன்ன சம்பளம் தர வேண்டும்.

இரண்டு: முதல் பருவத்தில் தமிழ் வழி மாணவர்களுக்கு ஆங்கிலமும் அடிப்படைப் பாடங்களும் சொல்லித்தரும் தனி வகுப்பு, சம்பளம் கொடுத்து நியமித்த ஆசிரியரைக் கொண்டு, எல்லா அரசுக் கல்லூரிகளிலும் நடக்க வேண்டும்.

மூன்று: அரசுக் கல்லூரிகளில் மதிய உணவு தர வேண்டும், விடுதி உணவுப்படியை விலைவாசிக்கேற்ப உயர்த்த வேண்டும்.

நான்கு: உபகாரச் சம்பளம் கட்டணத் தேதிக்கு முன் வர வேண்டும், வரும்வரை கட்டணம் கேட்டு மாணவரை வெளியே நிறுத்தக் கூடாது.

ஐந்து: தமிழ்நாடும் புதுச்சேரியும் பேசி, எல்லையோர ஊர்களின் பிள்ளைகள் ஏதேனும் ஒரு பக்கத்திலாவது முழு உரிமை பெறும்படி உடன்பாடு காண வேண்டும், அரசுப் பஸ்களையும் அதற்கேற்ப விட வேண்டும்.

ஆறு: ஓராண்டில் வெளியேற்றும் திட்டத்தையும் க்யூட் தேர்வையும் கைவிட வேண்டும், நிறுத்திய சிறுபான்மை உதவித்தொகையை மீண்டும் தர வேண்டும்.

இவை ஆகாயத்துக் கோட்டைகள் அல்ல. எட்டு மணி நேர வேலையும் ஒரு காலத்தில் நடக்காத காரியம் என்றுதான் சொன்னார்கள். நடத்திக் காட்டியவர்கள் நாம்.

தோழர்களே, உங்கள் தெருவில் இந்த ஆண்டு கல்லூரிக்குப் போகத் தொடங்கிய பிள்ளை யார் என்று இன்று மாலையே விசாரியுங்கள். அடுத்த ஆண்டு ஜூனில் அந்தப் பிள்ளை இரண்டாம் வருஷ வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கு அந்தப் பிள்ளை மட்டும் பொறுப்பல்ல. சங்கமும் பொறுப்பு, ஊரும் பொறுப்பு. அதைச் சாதிக்க ஒன்றுபடுவோம்!